இஸ்திரி போட்ட கடிதங்கள்

மார்ச் 29

என் செல்ல வாலுக்கு,

உன் அத்தை எழுதுறது. நான் நல்லா இருக்கேன். முழங்கால் மட்டும் எப்பவும்போல தனியா ஒரு பாட்டுப் பாடுது. நீ, உங்கம்மா, உங்கப்பன், அந்த உருண்டைப் பய எல்லாரும் எப்படி இருக்கீங்க? உருண்டைக்குப் பல்லு வந்துடுச்சா? வந்திருந்தா கைய வாய்க்குள்ள விடாத, கடிச்சுப்புடுவான்.

போன்ல பேசலாமேன்னு உங்கம்மா சொல்றா. போனைக் காதுல வெச்சா எனக்கு ஈ மொய்க்கிற சத்தம்தான் கேக்குது. நான் இங்க ‘என்ன, என்ன’ன்னு கத்த, நீங்க அங்க கத்த, ரெண்டு தெருவும் எட்டிப் பாக்கும். கடுதாசின்னா அந்தத் தொல்லை இல்ல. நான் பள்ளிக்கூடம் போனவ இல்ல. சட்டைக் காலர்ல குறி போட்டுப் போட்டுத்தான் எழுத்தே கத்துக்கிட்டேன். அதனால பேசுற மாதிரிதான் எழுத வரும், பொறுத்துக்கோ.

என்ன சொல்ல வந்தேன்? ஆங், தெரு. எங்க தெரு இப்ப துணி எடுத்த கொடி மாதிரி வெறிச்சுன்னு கெடக்கு. வண்டி ஒண்ணு மைக்கைக் கட்டிக்கிட்டு ‘வெளிய வராதீங்க, வெளிய வராதீங்க’ன்னு போகுது. ஊருக்கெல்லாம் காது அடைக்குது, எனக்கு மட்டும் அளவாக் கேக்குது. ஆனா அது போனப்புறம் வர்ற அமைதி இருக்கு பாரு, அதுக்குத்தான் பெட்டிய டொக்கு டொக்குன்னு தட்டித் தட்டி வெக்கிறேன்.

இஸ்திரிக் கடையப் பாதிதான் தொறக்குறேன். துணிய வாசல்லயே வாங்கி, வெந்நீர்ல முக்கி எடுத்துட்டுத்தான் பலகைக்கு வருது. உன் கடுதாசி வந்தாலும் அப்படித்தான். உடனே பிரிக்க மாட்டேன். உறையோட பலகையில போட்டு இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு, சுடச்சுடத் தேச்சுட்டுத்தான் பிரிப்பேன். சூட்டுல எந்தக் கிருமியும் நிக்காதுன்னு பால் வேன்காரர் சொன்னாரு. தபால்காரர் பாத்துட்டு, “ஏக்கா, கடுதாசிக்கு மடிப்புக் கலையாமப் பாத்துக்க”ன்னு சிரிக்கிறாரு. சிரிக்கட்டும்.

உங்கப்பன் இன்னமும் வேலைக்குப் போறானா? அத மட்டும் தனியா எழுது.

உன்னைக் கட்டிக்கத் தோணுது, கட்டிக்கிட்டதா வெச்சுக்கோ.

அத்தை

*

ஏப்ரல் 9

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுவது. நாங்கள் நலம். உங்கள் முழங்கால் நலமா? உருண்டைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. என்னை ஏற்கெனவே கடித்துவிட்டான்.

அப்பா தினமும் வேலைக்குப் போகிறார். ஊரே வீட்டில் இருந்தாலும் தண்ணீர் திறந்துவிட ஆள் வேண்டுமாம். “நான் வால்வைத் திருகலன்னா உங்க டீச்சர்கூட குளிக்க முடியாது தெரியுமா” என்று பெருமையாகச் சொன்னார். விடியற்காலையில் மீசை மாமா சைக்கிளில் வந்து மணி அடிப்பார். அவர் அப்பாவோடு மோட்டார் ரூமில் வேலை செய்கிறவர். இப்போது முகமூடி போட்டிருப்பதால் மீசை தெரிவதில்லை. அதனால் முகமூடி மேலேயே கரியால் மீசை வரைந்திருக்கிறார்! அம்மாகூடச் சிரித்துவிட்டார்.

எங்கள் வீட்டில் ஒரு கோடு இருக்கிறது. அப்பா கூடத்துக்கு நடுவில் சாக்பீஸால் போட்டது. வேலை முடிந்து வந்ததும் பின்பக்கக் குழாயில் குளித்துவிட்டு, கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் அப்பா சாப்பிடுவார், தூங்குவார். நாங்கள் மூன்று பேரும் இந்தப் பக்கம். “கோட்டைத் தாண்டினா கோழியைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சுக் கூடையில கவுத்துடுவேன்” என்று என்னை மிரட்டியிருக்கிறார். உருண்டைக்குக் கோடு புரியவில்லை. தவழ்ந்து போய்க் கோட்டை நக்குகிறான்.

எதிர்வீட்டு வாசலில் தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். அந்த வீட்டு டைலர் அண்ணாவை ஆம்புலன்ஸில் ஏற்றியபோது ஜன்னலில் இருந்து பார்த்தேன். ஏற்றினவர்களுக்கு முகமே இல்லை, உடம்பு முழுக்க வெள்ளை. அண்ணா செருப்பை விட்டுவிட்டுப் போய்விட்டார். அந்தச் செருப்பு இன்னும் வாசலில் இருக்கிறது. யாரும் தொடவில்லை. நான் தினமும் அதைப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாது என்று நினைத்தாலும் கண் அங்கேதான் போகிறது.

உங்களையும் கட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ளுங்கள்.

வாலு

*

ஏப்ரல் 17

வாலுக்கு,

அத்தை எழுதுறது. உடம்பு பரவாயில்ல. நீங்க நாலு பேரும் சௌக்கியந்தானே?

கோடு போட்டது நல்ல காரியம். உங்கப்பன் சின்னதுல எல்லாக் கோட்டையும் தாண்டினவன், இப்ப அவனே கோடு போடுறான், பாரேன்.

எங்க தெருவுல பேங்க்காரர் ஒருத்தர் இருக்காரு. ஒரு மாசமா வெறும் சட்டையாவே தேய்க்கத் தர்றாரு. ஒரு பேண்ட்கூட வரல. எனக்கு மனசுல ஒரே யோசனை, என்ன ஆச்சு இந்த மனுசனுக்குன்னு. அப்புறம் அவர் சம்சாரம் சொல்லுது, வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல பேசுறாராம், இடுப்புக்கு மேலதான் தெரியுமாம். மேல ஆபீஸ், கீழ அரைக்கால் டவுசர்! சிரிச்சு சிரிச்சு இஸ்திரிப் பெட்டியக் கீழ போடப் பாத்தேன்.

அப்புறம் கோட்டு சூட்டுக்காரர் ஒருத்தர். ஒரு நீலக் கோட்டு, பொண்ணு கல்யாணத்துக்குத் தேச்சு மாட்டி வெச்சது, ஆணியிலயே தொங்குது. வாங்க வரல. நேத்துதான் தெரிஞ்சுது, இனிமே வர மாட்டாருன்னு. அந்தக் கோட்டை எடுத்து மடிக்கவும் கை வரல, தொங்க விடவும் மனசு வரல. காத்துல ஆடுறப்ப யாரோ நிக்கிற மாதிரி இருக்கு. திரும்பி நின்னு வேல பாக்குறேன்.

உனக்கு எதுக்கு இதெல்லாம். பால் வேன்ல உங்கப்பனுக்கு ரெண்டு காக்கிச் சட்டை குடுத்து விட்டிருக்கேன், பழசுதான், நல்லாத் தேச்சது. ரெண்டு நாள்ல வந்துடும். தினம் ஒண்ணு துவைக்கப் போட்டா மாத்துச் சட்டை வேணுமே.

வாசப்பக்கம் போகாத. செருப்பைப் பாக்காத.

அத்தை

*

ஏப்ரல் 27

அன்புள்ள அத்தைக்கு,

நலம். நீங்கள் நலமா?

புதன்கிழமை காலையில் அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது. வெள்ளிக்கிழமை ஆம்புலன்ஸ் வந்து அழைத்துக்கொண்டு போனது. பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறார். யாரையும் உள்ளே விடுவதில்லை. அப்பா செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனார். நான் ஞாபகப்படுத்தினேன்.

எங்கள் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் இல்லை என்று சொன்னார்கள். எங்கள் வாசலிலும் தகரம் வைத்துவிட்டார்கள்.

வேறு விசேஷம் இல்லை.

வாலு

*

மே 4

வாலு, என் கண்ணே,

உன் கடுதாசி நேத்து வந்துச்சு. தேச்சேன், பிரிச்சேன், படிச்சேன். படிச்சதையே நாலு தடவை படிச்சேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவ, ஒவ்வொரு தடவையும் அந்தப் புதன்கிழமை மெள்ள மெள்ள வந்து நெஞ்சுல முட்டுது.

உங்கப்பன் லேசுப்பட்டவன் இல்ல. அஞ்சு வயசுல சட்டைப் பொத்தான் ஒண்ண முழுங்கிட்டான். எப்படி முழுங்கினான்னா, அது ஒரு பெரிய கதை. எங்கம்மா வேலைக்குப் போயிருந்துச்சு, எனக்குப் பத்து வயசு, நான்தான் பாத்துக்கணும். நான் பாக்கல. வாசல்ல போன குரங்காட்டியப் பாத்துக்கிட்டிருந்தேன். திரும்பினா இவன் முழி பிதுங்கி நிக்குறான். நான் அழுத அழுகையில அவனே பயந்துபோய், “அக்கா, அழாதக்கா, நான் துப்பிடுறேன்”னான். துப்ப முடியல. மூணு நாள் நான் சோறு திங்கல. யார்கிட்டயும் சொல்லல. மூணாம் நாள் அது தானா வெளிய வந்துடுச்சு, எங்கன்னு கேக்காத. அப்படிப்பட்டவன் உங்கப்பன். வந்துடுவான்.

நான் அனுப்புன காக்கிச் சட்டை வந்துச்சா? போட்டானா? என்னிக்குப் போட்டான்? மறக்காம எழுது.

உங்கம்மா சாப்பிடுறாளா? உருண்டை எப்படி இருக்கான்? நீ எப்படி இருக்கேன்னு நீ ஒரு வரிகூட எழுதல. ‘நலம்’னு எழுதிட்டா ஆச்சா?

அந்தச் சட்டை விஷயம் எழுது.

அத்தை

*

மே 11

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி சம்சாரம் எழுதுகிறேன். நீங்கள் நலந்தானே? அவருக்கு மூக்கில் குழாய் வைத்துக் காற்று கொடுக்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஒரு நர்ஸ் போன் செய்து, “நேத்து மாதிரியேதான் இருக்காரும்மா” என்கிறார். அந்த ‘நேத்து மாதிரியே’வைப் பிடித்துக்கொண்டு அடுத்த சாயங்காலம் வரைக்கும் இருக்கிறேன். மீசை அண்ணனையும் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

நான் எழுதுவது நம் வாலுக்காக. இவள் சரியில்லை அண்ணி. கோட்டுக்கு அந்தப் பக்கம் அவர் இருந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள். வர மாட்டேன் என்கிறாள். தட்டு தனி, டம்ளர் தனி. தம்பியைத் தொடுவதே இல்லை. அவன் தவழ்ந்து வந்தால் அலறிக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்கிறாள். ஒரு நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் வருகிறது. கேட்டால், “ஒண்ணும் இல்லம்மா” என்று சொல்கிறாள். நான் அதட்டியும் பார்த்தேன், கெஞ்சியும் பார்த்தேன்.

உங்களிடம் மட்டும்தான் இவள் மனம் விட்டு எழுதுவாள். கேட்டுப் பாருங்கள்.

*

மே 16

வாலு,

அத்தை. சுத்தி வளைக்காம எழுதப் போறேன், எனக்கு அது வராது, இருந்தாலும் பாக்குறேன்.

உனக்குள்ள என்னமோ இருக்கு. என்னன்னு எனக்குத் தெரியாது. நல்லதோ கெட்டதோ, எழுதி அனுப்பு. உங்கம்மாகிட்ட சொல்ல மாட்டேன். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்குத்தான் பாதி காது கேக்காதே, பாதி ரகசியம் அங்கயே தங்கிடும்.

உன் பதிலுக்காகக் கடை வாசல்லயே உக்காந்திருக்கேன்.

அத்தை

*

மே 22

அன்புள்ள அத்தைக்கு,

இதை மூன்று தாளில் எழுதி அழித்துவிட்டேன், இது நாலாவது தாள். பள்ளிக்கூடத்தில் கட்டுரைப் போட்டிக்குப் பரிசாகக் கொடுத்த பேனாவில் எழுதுகிறேன். பின்பக்கம் ரப்பர் இருக்கிறது, மை அழியும். மற்றப் பேனாவில் எழுதப் பயமாக இருந்தது.

அப்பாவுக்குக் காய்ச்சலைக் கொடுத்தது நான்தான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா தம்பியைத் தூங்கவைத்துக்கொண்டிருந்தார். என்னிடம் இருந்த கதைப் புத்தகங்களை எல்லாம் நாலு நாலு தடவை படித்து முடித்துவிட்டேன். தெருக்கோடியில் என் சிநேகிதி இருக்கிறாளே, ரெட்டைப் பின்னல் போட்டவள், அவள் வீட்டுக்கு ஓடினேன். மாடிப்படியில் உட்கார்ந்து ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துப் படித்தோம். முகமூடி போடவில்லை. யாருக்கும் தெரியாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கோட்டுக்கு அந்தப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் அனுப்பிய சட்டையில் ஒன்றைப் போட்டிருந்தார். ரொம்ப நாளாகத் தொடவே இல்லையே என்று தோன்றியது. கோட்டைத் தாண்டிப் போய்ப் பின்னால் இருந்து கழுத்தைக் கட்டிக்கொண்டேன். “அடியே, கோடு! கோடு!” என்றார். ஆனால் தள்ளிவிடவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

மறுநாள் காலையில் காய்ச்சல். ஒரு வாரம் கழித்து ரெட்டைப் பின்னல் வீட்டில் அவளுடைய சித்தப்பாவுக்கும் காய்ச்சல் என்று சொன்னார்கள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்து அப்பா கழுத்தில் போட்டுவிட்டேன்.

எனக்கு இல்லை என்று டெஸ்டில் சொன்னது பொய்யாக இருக்கலாம். அதனால்தான் உருண்டையிடம் போவதில்லை. அவன் ரொம்பச் சின்னவன், அவனுக்கு வந்தால் சொல்லக்கூடத் தெரியாது.

அப்பா செத்துப்போனால் நான் என்ன செய்ய வேண்டும் அத்தை? போலீஸில் சொல்ல வேண்டுமா? அம்மாவிடம் சொன்னால் அம்மா என்னை இப்போது பார்க்கிற மாதிரி பார்க்க மாட்டார்.

நீங்களும் என்னைப் பிடிக்கவில்லை என்றால் பதில் போட வேண்டாம். நான் புரிந்துகொள்வேன்.

வாலு

*

ஜூன் 5

அன்புள்ள அத்தைக்கு,

நலம். அப்பாவுக்கு மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். இரண்டு நாளாகப் போனில் பேசுகிறார். குரல் வேறு யாருடையதோ மாதிரி இருக்கிறது. அம்மா போனை என் கையில் கொடுத்தார். நான் வாங்கவில்லை.

நான் எல்லாவற்றையும் எழுதிப் பதினான்கு நாள் ஆகிவிட்டது. நீங்கள் பதில் போடவில்லை. பரவாயில்லை. நான்தான் அப்படி எழுதியிருந்தேன். இந்தக் கடிதத்துக்கும் பதில் வேண்டாம். அப்பா பேசுகிறார் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதினேன்.

வாலு

*

ஜூன் 11

அடியே வாலு, என் தங்கமே,

இத முதல்ல படி: எனக்கு உன்னை எப்பவும் பிடிக்கும். படிச்சுட்டியா? இன்னொரு தடவை படி. இப்ப மூச்ச விட்டுட்டுக் கீழ வா.

உன் கடுதாசி மே மாசக் கடைசியிலயே வந்துச்சு. வழக்கம்போல இந்தப் பக்கம் மூணு, அந்தப் பக்கம் மூணு. முக்கியமான கடுதாசியாச்சேன்னு கூட ரெண்டு இழுப்பு. பிரிச்சா, வெள்ளைத் தாள். ரெண்டு பக்கமும் வெள்ளை. ஒரு புள்ளிகூட இல்ல.

உறைக்குள்ள வேற ஏதாவது இருக்கான்னு உதறிப் பாத்தேன். ஒரு புள்ள வெறும் தாள மடிச்சு ஒட்டித் தபால்ல போடுதுன்னா என்ன அர்த்தம்? உங்கப்பன் போயிட்டான், அத எழுத உனக்குக் கை வரல, அதான் வெறும் தாளு. அப்படித்தான் நான் நெனச்சேன். உங்களுக்கு எழுதிக் கேக்கவும் தைரியம் இல்ல. கேட்டா பதில் வருமே! பதில் வராத வரைக்கும் அவன் உசுரோட இருப்பான்னு ஒரு கிறுக்குப் புத்தி. கடையப் பூட்டிட்டு உள்ள உக்காந்துட்டேன். பத்து நாள். பேங்க்காரர் சட்டையில்லாம என்ன பண்ணினாரோ தெரியல.

முந்தாநாள் உன் அடுத்த கடுதாசி வந்துச்சு. தேச்சுப் பிரிச்சா, இதுல எழுத்து இருக்கு. ‘அப்பா பேசுகிறார்’னு பாத்ததும் தரையிலயே உக்காந்து ஓன்னு அழுதேன். அழுது முடிச்சு மூக்கைச் சிந்தினப்புறம்தான் ‘எல்லாவற்றையும் எழுதி’ங்கிற வரி கண்ணுல பட்டுது. எல்லாத்தையும் எங்கடி எழுதின? அந்த வெள்ளைத் தாள வெயில்ல பிடிச்சுப் பாத்தேன், பேனா அமுக்கின பள்ளம் தெரியுது. எழுத்து இல்ல.

ஓடினேன் பேனாக் கடைக்காரர்கிட்ட. முழங்கால் பாட்டுப் பாடினா பாடட்டும்னு ஓடினேன். அவர் தாளத் தடவிப் பாத்துட்டு, “ஏம்மா, இது தேச்சதா?”ன்னாரு. “ஆமா, சுடச்சுட”ன்னேன். மனுசன் தலையில அடிச்சுக்கிட்டாரு. “இது ரப்பர்ப் பேனா மைம்மா. ரப்பரால தேய்க்கும்போது வர்ற சூட்டுலதான் அது மறையுது. நீங்க இஸ்திரிப் பெட்டியவே போட்டிருக்கீங்க! போய் நல்ல குளிர்ல வையுங்க, திரும்பி வரும்.”

குளிருக்கு எங்க போவேன்? பக்கத்துல ஐஸ்கிரீம் கடைக்காரர் வீடு. கடை மூடிக் கெடக்கு, பெட்டி மட்டும் ஓடுது. “என்னக்கா, இந்தக் காய்ச்சல் காலத்துல ஐஸா?”ன்னாரு. “ஐஸ் இல்லய்யா, கடுதாசி வைக்கணும்”னேன். மூளை கலங்கிடுச்சுன்னு நெனச்சிருப்பாரு, இருந்தாலும் மூடியத் தொறந்து விட்டாரு. கப்புகளுக்கு நடுவுல ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு வெச்சு, மதியம் வரைக்கும் அங்கயே நின்னேன். எடுத்தா, சாம்பல் கலர்ல ஒவ்வொரு எழுத்தா உக்காந்திருக்கு. அவரத் திரும்பி நிக்கச் சொல்லிட்டுப் படிச்சேன்.

வாலு, நான் டாக்டரம்மா வீட்டுக்கு நேராப் போனேன், அவங்க வெள்ளைக் கோட்டு எங்கிட்டதான் தேய்க்க வரும். உன் பேர் சொல்லல, ‘ஒரு புள்ள’ன்னேன். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வெளிய போச்சு, புதன் காலையில அவங்கப்பாவுக்குக் காய்ச்சல், இது ஆகுமான்னு கேட்டேன். “ஆகாதும்மா. இந்தக் காய்ச்சல் உள்ள போயி வெளிய தெரிய நாலஞ்சு நாளாவது ஆகும். நேத்துப் பட்டு இன்னிக்கு வராது. அந்த அப்பாவுக்கு அது முன்னாடியே உள்ள வந்திருக்கணும். நியாயமாப் பாத்தா அந்தப் புள்ளதான் தப்பிச்சிருக்கு”ன்னாங்க. நீ அவன்கிட்ட கொண்டு போகலடி. அவன்கிட்ட இருந்தத நீ கழுத்தோட கட்டிக்கிட்டு நின்னிருக்க.

உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்தக் காக்கிச் சட்டை. அத மடிக்கிறப்ப எனக்கு லேசா இருமல். தேச்சது சூட்டுல, ஆனா மடிச்சது இந்தக் கையால. அவனுக்குக் காய்ச்சல்னு கேட்ட நாளா நான்தான், நான்தான்னு உள்ளுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கேன். என்னிக்குப் போட்டான்னு கேட்டுக்கிட்டே இருந்தேனே, நீ பதில் சொல்லாதப்ப, தெரிஞ்சுதான் சொல்லலன்னு நெனச்சேன். டாக்டரம்மாகிட்ட அதையும் கேட்டேன். “உங்க இருமல் தூசு இருமல், பேசாமப் போங்க”ன்னாங்க. உனக்குச் சொல்றப்ப எல்லாம் தெளிவா இருக்கு. எனக்கு நானே சொல்லிக்கிட்டா அவ்வளவு தெளிவா இல்ல. என்ன பண்றது.

இன்னும் ஒண்ணு. ஒருவேளை நாள் கணக்கு ஒத்து வந்திருந்தா? அப்பவும் நீ தெரிஞ்சு செய்யல. நீ ஓடினது ஒரு கதைக்கு. கட்டிக்கிட்டது ஆசைக்கு. தெரியாம நடந்ததுக்குப் பேரு குத்தம் இல்ல.

கைக்கு எண்ணெய் தடவு. உங்கம்மாகிட்ட சொல்லு. நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டேன், நீதான் சொல்லணும்.

உன்னை நிஜமாவே கட்டிக்கிற நாளு வரும்.

அத்தை

*

ஜூலை 2

அன்புள்ள அத்தைக்கு,

வாலு எழுதுவது. உங்கள் முழங்கால் நலமா? இதைச் சாதாரணப் பேனாவில்தான் எழுதியிருக்கிறேன், தைரியமாகத் தேய்க்கலாம்.

உங்கள் கடிதத்தை மூன்று நாள் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். நாலாம் நாள் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது பின்னால் நின்று சொன்னேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அம்மா குழாயை மூடாமலே திரும்பினார். தண்ணீர் பாட்டுக்கு ஓடுகிறது, எங்கள் வீட்டில் தண்ணீரை வீணாக்கினால் எவ்வளவு திட்டு விழும்! அம்மா ஈரக்கையோடு என்னை இழுத்துப் பிடித்துக்கொண்டார். “நான் என்ன நெனச்சேன் தெரியுமா? அவருக்கு லீவு போடச் சொல்லாம அனுப்பினேனே, நான்தான் அனுப்பிக் குடுத்தேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்டி” என்றார். ஒரே வீட்டில் இரண்டு பேரும் தனித்தனியாகப் பயந்துகொண்டு இருந்திருக்கிறோம்.

உருண்டையைத் தூக்கினேன். கனமாகிவிட்டான். பயம் உடனே போகவில்லை. தூக்கிய பிறகு இரண்டு நாள் அவன் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவனுக்கு எரிச்சல் வந்து காதைக் கடித்துவிட்டான்.

ஜூன் 24 அன்று அப்பா வந்தார். ஆளே பாதியாகிவிட்டார். பேண்ட் நிற்கவில்லை, ஒரு கையால் பிடித்துக்கொண்டே நடந்தார். இப்போது அவரைத் தொடலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பினார்கள். ஆனாலும் அப்பா தானாகவே கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டார். அம்மா கூப்பிட்டும் வரவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

மூன்றாம் நாள் நான் போய் உட்கார்ந்தேன். புத்தகத்துக்குப் போனது, கழுத்தைக் கட்டிக்கொண்டது எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் டாக்டரிடம் கேட்ட நாள் கணக்கையும் சொன்னேன். அப்பா மெல்லத் திரும்பினார்.

“மீசை மாமா போயிட்டாரு. தெரியுமா உனக்கு?” என்றார்.

எனக்குத் தெரியாது அத்தை. அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லவில்லை.

“எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் திங்கக்கெழமை மோட்டார் ரூம்ல டீ குடிச்சோம். நானும் அவனும். அதுக்கு முந்தின நாள்லேந்தே எனக்குத் தொண்டை கரகரன்னு இருந்துச்சு. தண்ணியிலயே நிக்கிறோம், சளிதான்னு நெனச்சேன். முகமூடியக் கழட்டிட்டு ஒருத்தன் எதிர்ல ஒருத்தன் உக்காந்து சிரிச்சுக்கிட்டு இருந்தோம். அவனுக்கு வெள்ளிக்கெழமை சாயங்காலம் காய்ச்சல்.”

நான் மனதுக்குள் எண்ணினேன். திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி.

அத்தை, கணக்கு ஒத்து வந்தது.

அப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எண்ணியது அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு அவரும் எத்தனை தடவை எண்ணியிருப்பார். அப்பா அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததே இல்லை. சத்தம் வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. எனக்கு ரொம்பப் பயமாக இருந்தது. எழுந்து ஓடிவிடலாம் என்று தோன்றியது. நான் ஓடவில்லை.

நாள் கணக்கை வைத்து அப்பாவுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் உங்கள் கடிதத்தின் கடைசியில் இருந்ததைச் சொன்னேன். “நீங்க தெரிஞ்சு செய்யலப்பா. தெரியாம நடந்ததுக்குப் பேரு குத்தம் இல்லப்பா.”

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், “இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

சொன்னேன்.

தினமும் காலையில் கேட்கிறார். நானும் சொல்கிறேன். இன்றைக்குக் கேட்டபோது பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், வாயில் நுரையோடேயே சொன்னேன்.

நாங்கள் நால்வரும் இருக்கிறோம். நீங்களும் இருங்கள்.

வாலு